வேனுக்கு ஊதுற மிஷின் பூட்டப் போகிறவர்களுக்கு

"பாஸ், அந்த ஊதுற மிஷின் பூட்ட எவ்வளவு முடியும்?"

போனில் வரும் முதல் கேள்வி இதுதான். விலையைச் சொல்லுமுன் நான் ஒன்று கேட்பேன்: "உங்கட வேன் காலையில எத்தனை மணிக்கு வெளிக்கிடும்?" மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தம் இருக்காது. மிஷினுக்கும் மணிக்கும் என்ன சம்பந்தம் என்று யோசிக்கிறார்கள். நிறைய இருக்கிறது.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் 22 வருடமாக வாகன வயரிங் செய்கிறேன். ஸ்டார்ட்டர், அல்டர்னேட்டர், ரிவர்ஸ் கமரா என்று ஓடிக்கொண்டிருந்த தொழிலில் ஆறேழு வருடத்துக்கு முன் இந்த இன்டர்லொக் வந்து சேர்ந்தது. ஊதினால்தான் ஸ்டார்ட் ஆகும், மூச்சில் மது இருந்தால் ஆகாது. இதுவரை பூட்டியது நாற்பதுக்குள்தான் இருக்கும். ஸ்கூல் வேன், எயார்போர்ட் வேன், புறக்கோட்டையில் சாமான் ஏற்றும் லொறி. சட்டம் சொல்லிற்று என்று யாரும் என்னிடம் வரவில்லை. மூன்று நான்கு வாகனம் வைத்திருந்து, ஒருநாள் நெஞ்சு திக்கென்று போனபிறகு வந்த முதலாளிமார்தான் எல்லாரும். அவர்களுக்காகவும், இதைப் பூட்டப் பழகும் வயர்மேன் தம்பிமாருக்காகவும் எழுதுகிறேன்.

முதலில் காலைக் கணக்கு

இரவில் வெறியோடு திறப்பைத் தூக்குகிறவனைக் கண்டுபிடிக்க மிஷின் வேண்டியதில்லை. நடை காட்டிக்கொடுக்கும், வாய் காட்டிக்கொடுக்கும். மிஷின் வேலை செய்வது காலையில். குளித்து, திருநீறு பூசி, அயன் பண்ணிய சட்டையோடு நாலரைக்கு வந்து நிற்கிறாரே, அவரிடம்தான். அவர் பொய் சொல்லவில்லை. தனக்கு வெறி முறிந்துவிட்டது என்று மனதார நம்புகிறார்.

இலங்கையில் சட்டத்தின் எல்லை 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மது. இப்போது கணக்கைப் பாருங்கள். 33.5 வீதச் சாராயம் கால் போத்தல், அதாவது 180 மில்லிலீற்றரில், சுத்த மது ஏறக்குறைய 48 கிராம். 70 கிலோ ஆம்பிளைக்கு அதுவே 100 மில்லிகிராம் அளவுக்கு ஏற்றிவிடும். அரைப் போத்தல் என்றால் 200ஐத் தாண்டும். ஈரல் இதைக் கழிப்பது மணிக்குச் சுமார் 15, ஆளுக்கு ஆள் 10இலிருந்து 20 வரை. இரவு 9 மணிக்கு ஆரம்பித்து, பத்தரைக்கு அரைப் போத்தலை முடித்துவிட்டுப் படுத்தவர் காலை நாலரைக்குத் திறப்பை எடுக்கிறார் என்று வையுங்கள். ஏழரை மணித்தியாலத்தில் கழிந்தது 110 சொச்சம். மிச்சம் இன்னும் 95 சொச்சம். பேலியகொடையில் பொலிஸ் மறித்து ஊதச் சொன்னால் அகப்பட்டார். முழுக்கக் காலியாக முற்பகல் 11 மணியாவது ஆகும்.

பிளேன் டீ, தேசிக்காய்த் தண்ணீர், மோர், பச்சைத் தண்ணீர்க் குளியல் எதுவும் இந்தக் கணக்கை ஒரு மில்லிகிராம்கூடக் குறைக்காது. முழிப்பு வரும், அவ்வளவுதான். மிஷின் எழுதிவைக்கும் பதிவை நான் இறக்கிப் பார்த்த வாகனங்களில் மது காட்டிச் சிவப்பு விழுந்தவை அநேகமாகத் திங்கட்கிழமை விடியற்காலைகள், அப்புறம் கல்யாண வீட்டுக்கு மறுநாள். இரவு ட்ரிப்பில் விழுந்தது மிகக் குறைவு.

ஆகவே முதல் ட்ரிப் காலை 9 மணிக்குத்தான் என்றால், டிரைவரும் மாலையில் வீட்டுக்குப் போகிற ஆள் என்றால், இன்டர்லொக் வாங்காதீர்கள் என்றே சொல்வேன். கையில் பிடித்து ஊதும் நல்ல மீற்றர் ஒன்றை வாங்கிக் கந்தோரில் வையுங்கள். ஜப்பானில் ஐந்து வாகனமோ அதற்கு மேலோ வைத்திருக்கும் சாதாரணக் கம்பனிகள்கூட 2023 டிசம்பரிலிருந்து டிரைவர்களை மீற்றரால் சோதித்துப் பதிந்து வைக்க வேண்டும் என்பது சட்டம். வாகனத்தில் எதையும் வெட்டவில்லை, ஒரு மீற்றரும் ஒரு கொப்பியும். ஆனால் உங்கள் டிரைவர் வேனைத் தன் வீட்டு வாசலிலேயே நிறுத்திவைத்து, அங்கிருந்தே நேராகப் பிள்ளைகளை ஏற்றப் போகிறவர் என்றால் மீற்றரை யார் நீட்டுவது? அந்த இடத்தில்தான் இன்டர்லொக் தேவை.

எதை வாங்குவது

முதலாம் குறுக்குத் தெருவில் எலெக்ட்ரோனிக்ஸ் கடைகளில் எம்கியூ-3 என்ற சென்சர் சல்லிசாகக் கிடைக்கும். பிள்ளைகள் ப்ரொஜெக்ட் செய்வார்கள். அதை வாங்கி ஒரு ரிலேயோடு, அதாவது மின்சாரத்தால் வேலை செய்யும் சுவிட்சோடு, கோர்த்து "இன்டர்லொக்" என்று விற்கும் ஆட்களும் இருக்கிறார்கள். வேண்டாம். அது சூடாக்கிய டின் ஒக்சைட். மதுவுக்கும் காட்டும், பெற்றோல் ஆவிக்கும் காட்டும், சிகரெட்டுக்கும் சென்ற்றுக்கும் காட்டும். கொழும்பு ஈரக் காற்றில் இன்றைக்கு ஒரு எண், நாளைக்கு ஒரு எண்.

நீங்கள் கேட்க வேண்டியது ஃபுவல் செல் சென்சர். பெயரைக் கேட்டு எரிபொருள் என்று பயப்பட வேண்டாம். உள்ளே பிளாட்டினம் பூசிய இரண்டு தகடு. மூச்சிலுள்ள மது அதில் பட்டதும் அசிட்டிக் அமிலமாக மாறும், மாறும்போது கொஞ்சம் மின்சாரம் விடும், அந்த மின்சாரத்தை அளந்தால் எவ்வளவு மது என்று தெரியும். கள்ளு புளித்து வினாகிரி ஆகிறதே, அதே சங்கதிதான், மாதக் கணக்கில் நடப்பது இங்கே சில வினாடிகளில் முடிகிறது. சிகரெட் புகையோ பெற்றோல் ஆவியோ இதை அவ்வளவாகக் குழப்பாது. பெட்டியில் ஈஎன் 50436 என்ற ஐரோப்பியத் தரம் இருந்தால் இன்னும் நல்லது. கடைக்காரர் "எல்லாம் ஒன்றுதான் முதலாளி" என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.

"ஊதாமலே, விரல் வைத்தாலே கண்டுபிடிக்கிற மிஷின் வருதாமே?" என்றும் கேட்கிறார்கள். அமெரிக்காவில் 2008இலிருந்து அரசாங்கமும் கார்க் கம்பனிகளும் சேர்ந்து அதில்தான் வேலை செய்கின்றன. ஸ்டார்ட் பட்டனில் விரல் வைத்ததும் அகச்சிவப்பு ஒளி தோலுக்குள் போய் அளப்பது ஒரு வழி. டிரைவர் சும்மா விடும் மூச்சை உள்ளே இழுத்து அளப்பது இன்னொரு வழி. புதிய கார்களில் இப்படி ஒன்று இருக்க வழி செய்யுங்கள் என்று 2021இல் அங்கே சட்டமும் போட்டார்கள். பஞ்சிகாவத்தைக்கு அது வரும்வரை காத்திருந்தால் உங்கள் வேன் பழைய இரும்புக்குப் போயிருக்கும்.

எந்த எண்ணில் நிறுத்துவது

இதில்தான் ஆட்கள் அதிகம் குழம்புகிறார்கள். ஒரே மதுவை மூன்று விதமாக எழுதலாம். நம் சட்டத்தின் 80 மில்லிகிராம் என்பது சில மிஷினில் 0.08 வீதம், சிலதில் ஆயிரத்துக்கு 0.8, மூச்சைக் காட்டும் மிஷினில் ஒரு லீற்றர் மூச்சில் 0.38 மில்லிகிராம். இரத்தத்தில் இருப்பதில் 2100இல் ஒரு பங்கு மூச்சில் இருக்கும் என்று வைத்துத்தான் இந்தக் கணக்கு. மட்டக்குளி முதலாளி ஒருவர் மிஷின் 0.10 காட்டியதும் "சட்டமே 0.08, இவன் 0.10" என்று டிரைவரை அன்றே நிறுத்திவிட்டார். அது மூச்சுக் கணக்கு. இரத்தத்தில் 21தான் வரும், சட்ட எல்லையில் காலளவு. டிரைவர் குடித்திருந்தார் என்பது உண்மை. சட்டத்தை மீறினார் என்பது பொய். இரண்டும் வேறு.

நான் எப்போதும் மூச்சுக் கணக்கில் 0.10க்கு வைப்பேன். பிரான்சில் கோச் பஸ்களுக்கு வைத்திருப்பதும் இதே அளவுதான். "ஏன் பாஸ், சீரோவுக்கே வையுங்களேன்" என்பார்கள். சீரோவுக்கு வைத்தால் குடிக்காதவனையும் இடைக்கிடை நிறுத்தும். குடிக்காதவனை இரண்டு முறை நிறுத்திய மிஷினை மூன்றாம் முறை யாரும் மதிக்கமாட்டார்கள். 0.38க்கு வைக்கவும் வேண்டாம். சென்சர் வயது போகப் போக நழுவும், எல்லையில் நிற்கிறவனை விட்டுவிடும்.

வயரை வெட்டுமுன்

இனிச் சொல்வது வயர்மேன் தம்பிமாருக்கு. முதலாளிமாரும் வாசியுங்கள், எங்கே வெட்டுகிறான் என்று நின்று பார்க்கலாம்.

திறப்பால் ஸ்டார்ட் ஆகும் வேனை எடுத்துக்கொள்வோம். ஸ்டியரிங் கீழ்க் கவரைக் கழற்றினால் இக்னிஷன் சுவிட்சிலிருந்து வரும் வயர்க் கட்டு தெரியும். அதில் ஒரு வயரில் எப்போதும் 12 வோல்ட் நிற்கும். ஒன்றில் ரேடியோ நிலையில் வரும். ஒன்றில் திறப்பு ஒன் நிலையில் வரும், ஸ்டார்ட் அடிக்கும்போதும் விடாது. இன்னொன்றில் திறப்பை முழுக்கத் திருப்பிப் பிடித்திருக்கும் அந்த நேரம் மட்டும் 12 வோல்ட் வந்து, விட்டதும் போய்விடும். அதுதான் ஸ்டார்ட் வயர். அதைத்தான் வெட்ட வேண்டும், அதை மட்டும்தான். நிறத்தைப் பார்த்து வெட்டாதீர்கள். உங்களுக்கு முன் எத்தனை பாஸ் கை வைத்த வேனோ, யார் என்ன நிறத்தை ஒட்டினார்களோ. மல்டிமீற்றர் முனையை வைத்து, இன்னொருவரைத் திறப்பைத் திருப்பச் சொல்லி, மூன்று முறை பாருங்கள். மீற்றர் ஏறி இறங்கும் வயருக்கு மட்டும் டேப் துண்டொன்றைச் சுற்றி அடையாளம் வையுங்கள். பிறகு பற்றரி நெகட்டிவைக் கழற்றுங்கள். அதன்பிறகுதான் கட்டர்.

வெட்டிய இரண்டு முனைக்கும் நடுவில் இன்டர்லொக்கின் ரிலே வரும். சில வேன்களில் ஸ்டார்ட்டர் சொலினொய்ட் நேரே இந்த வயரில்தான் கரன்ட் இழுக்கும். அப்படியென்றால் மிஷினோடு வரும் குட்டி ரிலேயை நம்பாமல் 40 அம்பியர் ரிலே ஒன்றை வெளியே போடுங்கள். மிஷினுக்குக் கொடுக்கும் நிரந்தர 12 வோல்ட்டுக்கு தனி ஃபியூஸ். எர்த்தை பெயின்ட் சுரண்டிய வெறும் இரும்பில் போல்ட் போட்டு இறுக்குங்கள். முறுக்கி டேப் சுற்றும் வேலை இங்கே ஆகாது. வெயிலில் நிற்கும் வேனுக்குள் டேப் பசை இளகி ஆறு மாதத்தில் கழன்று தொங்கும். ஈயம் வைத்து, சுருங்கும் ட்யூபைப் போட்டு சூடு காட்டுங்கள். பெட்டியை ஏசி தண்ணீர் சொட்டும் பக்கம் வைக்க வேண்டாம். ஊதும் கைப்பிடியை எயார்பேக் மூடியின் முன்னாலும், கண்ணாடி வெயில் நேரே விழும் இடத்திலும் மாட்டாதீர்கள்.

இப்போது என் தவறு ஒன்று. ஆரம்பத்தில், நான்காவதோ ஐந்தாவதோ வேனில், ஸ்டார்ட் வயரை விட்டுவிட்டு டீசல் பம்பின் கட்-ஓஃப் சொலினொய்ட் வயரில் ரிலேயைப் போட்டேன். பெரிய புத்திசாலித்தனம் என்று நினைப்பு: டீசலே வராவிட்டால் எப்படி ஸ்டார்ட் பண்ணுவான்? மூன்று கிழமை ஓடியது. ஒருநாள் பின்னேரம் கட்டுநாயக்கவிலிருந்து ஆட்களோடு வரும்போது, பேலியகொடை நெரிசலுக்குள் ரிலே ஆட்டத்தில் விட்டுக்கொடுத்தது. எஞ்சின் நின்றது. எஞ்சின் நின்றால் பவர் ஸ்டியரிங் இல்லை, பிரேக்குக்கு வாக்குவம் இல்லை. டிரைவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் விடியற்காலையிலிருந்து ஓடுகிறவர். முழுப் பலத்தோடு பிரேக்கை மிதித்து, கொன்டேனர் ஒன்றின் பின்னால் அரை முழத்தில் நிறுத்தியிருக்கிறார். போன் எடுத்துப் பேசியபோது அவர் குரல் நடுங்கியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அன்றிரவே போய் வயரைப் பழைய மாதிரி ஆக்கிக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. இன்டர்லொக் ஸ்டார்ட்டை மட்டும் தடுக்க வேண்டும், ஓடும் எஞ்சினை ஒருபோதும் தொடக்கூடாது. உலகத்தில் ஒழுங்காகச் செய்யப்பட்ட எந்த இன்டர்லொக்கும் அப்படித்தான்.

அப்படியென்றால் தள்ளி ஸ்டார்ட் பண்ணினால்? ஆம், ஆகும். பழைய டொல்பின் வேன், மனுவல் கியர், நல்ல பற்றரி என்றால் சரிவில் உருட்டி கிளட்சை விட்டால் ஸ்டார்ட்டரே வேண்டாம். புதுக்கடை இறக்கத்தில், நீதிமன்றங்கள் இருக்கும் அதே இறக்கத்தில், ஒருவர் கிழமைக்கு இரண்டு நாள் அப்படி உருட்டிக்கொண்டு போயிருக்கிறார். நல்ல மிஷின் அதையும் எழுதி வைக்கும். ஊதாமல் எஞ்சின் ஓடியது, இத்தனை மணி, இத்தனை நிமிடம் என்று. பதிவை இறக்கிப் பார்த்தபோது முதலாளிக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. பதிவு எழுதாத மிஷினை வாங்காதீர்கள் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம். கையால் இழுத்து ஸ்டார்ட் பண்ணும் பழைய முச்சக்கரவண்டிக்கு இன்டர்லொக் கேட்டு வந்தவரை நான் திருப்பி அனுப்பியதும் இதனால்தான்.

பட்டன் ஸ்டார்ட் வாகனம் என்றால் நிதானம். ப்ரியஸ், அக்குவா மாதிரி ஹைபிரிட்டில் நாம் பழகிய ஸ்டார்ட்டர் மோட்டரே கிடையாது. பட்டனை அழுத்தினால் கம்பியூட்டர் "ரெடி" என்று சொல்லும், அவ்வளவுதான். செம்மஞ்சள் வயர் பக்கமே போகாதீர்கள், அது உயர் வோல்ட், ஆளைக் கொல்லும். பிரேக்கை மிதித்தால்தான் இந்த வாகனங்கள் ஸ்டார்ட் ஆகும் என்பதால் பிரேக் சுவிட்ச் வயரில் ரிலே போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பிரேக் லைட்டும் அந்த வழியில்தான். ரிலே பழுதானால் பின்னால் வருகிறவனுக்கு நீங்கள் பிரேக் பிடித்தது தெரியாது. மிஷின் கம்பனி அந்த மொடலுக்கென்றே தரும் வயர்ப் படம் கையில் இல்லாவிட்டால், பூட்டமாட்டேன் என்று சொல்லிவிடுங்கள். ஐரோப்பாவில் 2024 ஜூலையிலிருந்து பதிவாகும் எல்லாப் புதிய வாகனங்களிலும் இன்டர்லொக் பூட்டுவதற்கான வசதியைக் கம்பனியே செய்துகொடுத்து, எங்கே எதை இணைப்பது என்ற விவரத்தையும் கொடுக்க வேண்டும். அதைக் கேள்விப்பட்டபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. இங்கே நாம் மல்லாக்கப் படுத்துக்கொண்டு டார்ச்சை வாயில் கவ்வி வயர் தேடுகிறோம்.

ஊதப் பழக்குதல்

பூட்டி முடித்த அன்றே டிரைவரை உட்காரவைத்துப் பத்து முறை ஊதச் செய்யுங்கள். அடுப்பு ஊதுவது மாதிரி 'புஸ்' என்று ஊதினால் மிஷின் ஏற்காது. அதற்கு வேண்டியது நெஞ்சின் அடியிலிருந்து வரும் காற்று, ஒரு லீற்றருக்கு மேல். ஆழமாக இழுத்து, குழல் வாசிக்கிற மாதிரி ஒரே சீராக ஐந்து வினாடி. சில மிஷினில் ஊதும்போதே 'ம்ம்' என்று முனக வேண்டும், பலூனில் அடைத்த காற்றையோ பம்ப் காற்றையோ கொடுத்து ஏமாற்றாமலிருக்க. முட்டு வருத்தம் உள்ள டிரைவர் என்றால் முன்கூட்டியே கேட்டு, காற்றின் அளவைக் குறைத்து வையுங்கள்.

முதலாளிமார் செய்யும் ஒரு வேலையையும் சொல்லிவிடுகிறேன். மிஷின் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு மிடறு சாராயத்தை வாயில் விட்டுக் கொப்பளித்து உடனே ஊதுவார்கள். செய்யாதீர்கள். வாயில் நிற்கும் சாராயம் சென்சரை மூழ்கடித்துவிடும், நிதானத்துக்கு வர நேரம் எடுக்கும், அடிக்கடி செய்தால் சென்சர் கெட்டே போகும்.

வாயில் நிற்கும் மது என்றதும் எனக்கு ஒரு ஸ்கூல் வேன் ஐயாதான் ஞாபகம் வருவார். அறுபதைத் தொட்டவர். வாழ்நாளில் ஒரு சொட்டு வாயில் வைத்ததில்லை என்று முழுக் கொட்டாஞ்சேனையும் சத்தியம் செய்யும். பூட்டி நான்காம் நாள் காலை ஐந்தே முக்காலுக்கு எனக்குப் போன். "தம்பி, சிவப்பு எரியுது. பிள்ளைகள் றோட்டில நிக்குதுகள்." குரல் அழுகிற மாதிரி. என்ன சாப்பிட்டீர்கள் ஐயா என்றேன். ஒன்றும் இல்லை, ஒரு பிளேன் டீ. மருந்து ஏதும்? கொஞ்சம் யோசித்துவிட்டு, "முழங்கால் வலிக்கு அரிஷ்டம் குடிச்சனான்" என்றார். அதுதான். அரிஷ்டம் என்பது புளிக்கவைத்துச் செய்யும் மருந்து, அதில் தானாக விளைந்த மது இருக்கும். குடித்து ஐந்து நிமிடத்தில் ஊதியிருக்கிறார். வாயை நன்றாகக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, பதினைந்து நிமிடம் எதையும் வாயில் வைக்காமல் இருந்து ஊதச் சொன்னேன். பச்சை எரிந்தது. அன்றிலிருந்து அரிஷ்டம் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு.

இந்தப் பதினைந்து நிமிடத்தை ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஸ்டியரிங் பக்கம் ஒட்டிவிடுங்கள். இருமல் பாணி, வாய் கொப்பளிக்கும் மருந்து, சில இன்ஹேலர், கைக்குப் பூசும் சனிட்டைசர் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். சனிட்டைசர் பூசிய ஈரக் கையால் கைப்பிடியைப் பிடித்து ஊதினாலும் ஏறும். மறுபக்கமும் உண்டு. நெஞ்சிலிருந்து வரும் உண்மையான மது பதினைந்து நிமிடத்தில் போகாது. இரண்டாம் தடவையும் சிவப்பு என்றால் அரிஷ்டக் கதை செல்லாது.

ஓடும்போதும் மிஷின் இடைக்கிடை ஊதச் சொல்லிச் சத்தமிடும். காலையில் வேறு யாரையாவது ஊதவைத்து ஸ்டார்ட் பண்ணிவிட்டுப் போகாமல் இருக்க இந்த ஏற்பாடு. ஊதாவிட்டால், அல்லது சிவப்பு வந்தால், ஹொர்ன் அடிக்கும், லைட் மின்னும், பதிவில் விழும். எஞ்சின் நிற்காது. எத்தனை நிமிடத்துக்குள் ஊத வேண்டும் என்பதை நீங்கள்தான் வைக்க வேண்டும். எயார்போர்ட் வேன்களுக்கு நான் 20 நிமிடம் வைப்பேன். கட்டுநாயக்க அதிவேகப் பாதை 25.8 கிலோமீற்றர், நடுவில் ஓரம் கட்டி ஊதும் இடமல்ல அது. ஐந்து நிமிடம் என்று வைத்தால் டிரைவர் 100இல் ஓடிக்கொண்டே ஒரு கையால் ஊதுவார். குடித்தவனைவிட அது மோசம்.

அவசரக் குறியீடு யாரிடம்

அநேகமான மிஷினில் ஊதாமல் ஸ்டார்ட் பண்ண ஒரு குறியீட்டு எண் உண்டு. மிஷின் பழுதானால், நடுராத்திரி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தால் அது தேவை. அதை டிரைவரிடம் கொடுத்தால் மிஷின் பூட்டவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். முதலாளியின் மச்சானிடம் கொடுத்தாலும் அதேதான், அவர்தான் இரவில் சேர்ந்து குடித்திருப்பார். ஒரே ஒருவரிடம் இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் கொப்பியில் ஏன் என்று எழுதுங்கள். வீட்டு அம்மாவிடம் கொடுத்த ஒரு முதலாளியை எனக்குத் தெரியும், அந்த வேனில் இன்றுவரை குறியீடு இரண்டு தடவைக்கு மேல் பாவிக்கப்படவில்லை.

பதிவைப் பார்ப்பதற்கும் ஒரு ஒழுங்கு வேண்டும். பூட்டும் முன்பே டிரைவர்களை உட்காரவைத்துச் சொல்லுங்கள்: சிவப்பு வந்தால் என்ன நடக்கும், அன்றையக் கூலி என்னாகும், மாற்று டிரைவர் யார். காலை நாலரைக்குச் சிவப்பு எரியும்போது மாற்று ஆள் இல்லாவிட்டால், முதலாளியே குறியீட்டைச் சொல்லிக்கொடுத்து வேனை அனுப்புவார். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். "எங்களைக் குடிகாரன் என்கிறீங்களா" என்று கோபப்படும் டிரைவரிடம், பின்லாந்தில் பள்ளிப் பிள்ளைகளை ஒப்பந்தத்தில் ஏற்றும் வாகனங்களில் 2011இலிருந்து எல்லா டிரைவரும் ஊதித்தான் எடுக்கிறார்கள் என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். அவ்வளவாக எடுபடவில்லை. முதலாளியே தன் காரில் ஒன்றைப் பூட்டிக்கொண்டபோதுதான் எடுபட்டது.

ஆறு மாதத்துக்கொரு முறை, அல்லது கம்பனி சொன்ன கால இடைவெளியில், சென்சரைச் சரிபார்க்க வேண்டும். அளவு தெரிந்த மது கலந்த வாயுவை சிலிண்டரிலிருந்து விட்டுப் பார்ப்பது ஒரு முறை. 34 பாகை சூட்டில் வைத்த மதுக் கரைசலின் ஆவியை விடுவது இன்னொரு முறை, அந்தச் சூடு வாயிலிருந்து வெளியே வரும் மூச்சின் சூடு. இந்த வசதி கொழும்பில் தன்னிடம் இருக்கிறதா என்று விற்கிறவரிடம் வாங்குமுன் கேளுங்கள். இல்லையென்றால் ஒரு வருடத்தில் நீங்கள் வாங்கியது வெறும் விளக்கு.

இது கஞ்சாவைக் காட்டாது, ஐஸ் என்ற போதைப்பொருளைக் காட்டாது, தூக்கத்தைக் காட்டாது. யாழ்ப்பாணம் போய்வந்த கையோடு அதே டிரைவரை எயார்போர்ட்டுக்கு அனுப்பினால் பச்சைதான் எரியும், அவர் ஸ்டியரிங்கில் தூங்குவார். இன்சூரன்ஸ்காரருக்கும் இப்படியொன்று பூட்டியிருக்கிறேன் என்று எழுத்தில் அறிவித்துவிடுங்கள்.

கடைசியாக, வேனை விற்கும்போது என்னைக் கூப்பிடுங்கள். மிஷினைக் கழற்றி, வெட்டிய ஸ்டார்ட் வயரை ஈயம் வைத்துச் சேர்த்துத் தருவேன், அரை மணித்தியால வேலை. ஒருவர் அவசரத்தில் அதைச் செய்யாமல், குறியீட்டைப் போட்டு 24 மணி நேரத்துக்கு மிஷினைத் தூங்கவைத்து, வேனை புரோக்கரிடம் கொடுத்துவிட்டார். வாங்கியவர் சந்தோஷமாக வத்தளைக்கு ஓட்டிப் போயிருக்கிறார். மறுநாள் காலை, பெட்டியில் ஒட்டியிருந்த என் நம்பரைப் பார்த்து எடுத்தார்.

"பாஸ், நேற்று வாங்கின வேன். திறப்பைத் திருப்பினா என்னை ஊதச் சொல்லுது. எதை ஊதுறது?"

போனிலேயே சொல்லிக்கொடுத்தேன். ஆழமாக இழுங்கள், சீராக, ஐந்து வினாடி. பச்சை வந்தது, ஸ்டார்ட் சத்தமும் கேட்டது. கழற்றிவிட எப்போது வருகிறீர்கள் என்று கேட்டேன். இருக்கட்டும், மகன்தான் ஓட்டப் போகிறான் என்றார்.